ஐப்பசி மழையில் ஒரு முள்ளெலிக் குட்டி

எங்கள் தோட்டத்துக்கும் கொழுந்தனாரின் காட்டுக்கும் நடுவில் இருந்த கிளுவை வேலியைக் கடந்த ஐப்பசியில் ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்கள். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதியில் ஒரு வேலி சாய்வதை இன்று யாரும் நின்று பார்ப்பதில்லை. என் மாமனாரின் தகப்பனார் கிளுவைப் போத்துகளை வெட்டி நட்டு, மழைக்கு மழை இடைவெளி நிரப்பி, ஆட்டுக்குட்டிகூட நுழையாத அடர்த்திக்குக் கொண்டுவந்த வேலி அது. இரண்டு மணி நேரத்தில் வேரும் மண்ணும் புற்றுமாக ஒரு பக்கம் குவிந்துவிட்டது. கொழுந்தனார்மேல் எனக்குக் கோபம் கிடையாது. மனை பிரித்து விற்பதென்று முடிவாகிவிட்ட பிறகு, வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது காம்பவுண்டுச் சுவரைத்தான். அன்று பொழுது சாயும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மாடுகளைத் தொண்டுப்பட்டியில் அடைத்துவிட்டுத் திரும்பும்போது, பிடுங்கிப்போட்ட குவியலுக்குள்ளிருந்து குருவிக்குஞ்சு கத்துவதைப் போன்ற மெல்லிய கீச்சொலி விட்டு விட்டுக் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சருகும் சேறும் அப்பிய, பெரிய எலுமிச்சம்பழ அளவுள்ள முள்ளுருண்டை ஒன்று கிடந்தது.

முந்தானையை நான்காக மடித்து அதை எடுத்தேன். வளர்ந்த முள்ளெலியாக இருந்தால் தொட்ட மாத்திரத்தில் இறுகச் சுருண்டு, பாம்பு சீறுவதுபோலச் சீறும். இது பாதிதான் சுருண்டது. சுருளுவதற்கே தெம்பில்லாமல் வயிற்றுப்பக்கம் திறந்து கிடந்தது. வயிற்றில் முடி அடர்த்தியில்லை. தோலின் இளஞ்சிவப்பு தெரிந்தது. கருத்த முகத்துக்கு மேல் நெற்றியில் திருநீறு பூசியதைப்போல ஒரு வெள்ளைப் பட்டை, அதற்கும் மேலே உச்சந்தலையில் முட்கள் வகிடு எடுத்ததைப்போல விலகிய ஒரு கோடு. கண்கள் திறந்திருந்தன, ஆனால் வெளிச்சத்தைப் பின்தொடரவில்லை. காதோரத்தில் இரண்டு உண்ணிகள் உப்பியிருந்தன. மூக்கு மட்டும் நனைந்த மிளகைப்போல இடைவிடாமல் அசைந்துகொண்டிருந்தது. வயிறு என் விரல்களைவிடக் குளிர்ந்து இருந்தது என்பதை அப்போது நான் கவனித்தேன். அதன் பொருளைத்தான் அறியவில்லை.

இங்கே பெயரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். முள்ளெலி எலி இனமில்லை; மூஞ்சூறுக்குத்தான் அது நெருங்கிய உறவு, பூச்சி தின்று வாழ்வது. முள்ளம்பன்றியோ பன்றியே இல்லை. கொறித்துத் தின்னும் அந்த விலங்குதான் உண்மையில் எலிக்குச் சொந்தம். ஆக, நம் முன்னோர் எலிப்பட்டத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரைத் தமிழில் சொன்னால் வேலிப்பன்றி என்று வரும். பன்றியில் அவர்களும் தவறியிருக்கிறார்கள், வேலியில் மட்டும் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் இருப்பது மதராஸ் முள்ளெலி. 1851இல் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு என்பவர் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். அவர் சூட்டிய பெயரின் பொருளே வெறும் வயிறு உடையது என்பதுதான். ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வேறு முள்ளெலிகள் உண்டு. இந்த வகை தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரியது.

அன்றிரவு நான் செய்த முதல் வேலையே தவறு. குட்டி என்றால் பால் என்று கை தானாகப் போயிற்று. மகளுக்கு மருந்து புகட்டிய பாலாடை இன்னும் அடுக்களையில் இருக்கிறது. பசும்பாலைத் தண்ணீர் கலந்து காய்ச்சி, ஆறவைத்து, சொட்டுச் சொட்டாக வாயோரத்தில் விட்டேன். நக்கிக் குடித்தது. குடித்ததைக் கண்ட மகிழ்ச்சியில் இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். நடு இரவில் பச்சையாகக் கழிந்தது. விடிவதற்குள் மூன்று முறை கழிந்து, முன்னைவிடத் துவண்டுவிட்டது.

விடியற்காலையில் மகளை அழைத்தேன். அவள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலையில் இருக்கிறாள். நமக்கு விடிகிறபோது அவளுக்கு நடு இரவு. முள்ளெலி என்ற சொல்லைக் கேட்டதும் தூக்கம் தெளிந்துவிட்டது. அவள் தெருவில் ஒரு மூதாட்டி வருடந்தோறும் முள்ளெலிக் குட்டிகளைக் காப்பாற்றுகிறவராம். அவருக்குத் துணையாக இவளும் பெட்டி கழுவியிருக்கிறாள்.

“அம்மா, பால் குடுத்தீங்களா?”

“குடுத்தேன் கண்ணு.”

“குடுக்கவே கூடாதும்மா. அதுக்குப் பால் செரிக்காது. வயிறு சில்லுன்னு இருக்குதா, பாருங்க. சூடு பண்ணாம எதுவுமே குடுக்காதீங்க.”

அவள் சொன்ன வரிசையை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது எந்த நாட்டு முள்ளெலிக்கும் பொருந்தும். முதலில் சூடு, அடுத்துத் தண்ணீர், அதற்குப் பிறகே உணவு. உடல் குளிர்ந்திருக்கும் விலங்குக்குக் குடல் வேலை செய்யாது. அந்த நேரத்தில் உள்ளே போகும் உணவே அதைக் கொன்றுவிடும். கண்ணாடிப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். சூடு மிஞ்சினால் அது மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். உடல் கதகதப்பான பிறகு, காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மல்லாக்கப் போட்டுப் புகட்டக் கூடாது. தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். உடலெங்கும் ஈ முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரிசிக் குருணையைப்போல வெள்ளையாகக் கொத்தாக ஒட்டியிருக்கும் அந்த முட்டைகள், காயமுள்ள விலங்கில் ஒரே நாளில் புழுவாகிவிடும். எங்கள் குட்டியிடம் அது இல்லை. உண்ணிகளை என் மாமியார் சாமணத்தால் தலைப்பக்கம் பிடித்து மெதுவாக இழுத்து எடுத்தார். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். படர்தாமரையும் வயிற்றுப்போக்குக் கிருமிகளும் இவற்றிடமிருந்து மனிதருக்கு வரக்கூடியவை.

மகள் சொன்ன இன்னொன்று என்னைச் சுட்டது. குட்டி தனியாகக் கத்தினால் உடனே தூக்கிவிடக் கூடாது என்பது அது. கூடு கலைந்துவிட்டால் தாய் திரும்பி வந்து குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். இரவில் தன்போக்கில் திரியும் முள்ளெலிக்கு நம் உதவி எதுவும் தேவையில்லை. பட்டப்பகலில் வெளியே கிடப்பது, தள்ளாடுவது, உடல் குளிர்ந்திருப்பது, ஈ மொய்ப்பது ஆகியவை இருந்தால் மட்டுமே கை வைக்க வேண்டும். எங்கள் குட்டியின் உடல் குளிர்ந்திருந்தது, மழையும் கொட்டியது. ஆகவே எடுத்தது சரி என்று மகள் ஆறுதல் சொன்னாள். இருந்தாலும் பெட்டியை அந்தக் குவியலின் அருகே ஓலை மறைவில் வைத்து, சூட்டுப் பாட்டிலோடு நடுச்சாமம்வரை காத்திருந்து பார்த்திருக்கலாம். மறுநாள் காலையில் டார்ச்சில்லாமலே தேடியபோது தாயின் தடம் எதுவும் கிடைக்கவில்லை. ஜேசிபியின் சங்கிலித் தடத்துக்குள் நான் உற்றுப் பார்க்கவும் இல்லை.

சிக்கல் அடுத்த நாள் தொடங்கியது. மகள் அனுப்பிய குறிப்புகள் எல்லாமே குளிர்காலத்துக்கு முந்தைய அவசரத்தில் எழுதப்பட்டவை. அங்கே இலையுதிர் காலத்தில் பிந்திப் பிறக்கும் குட்டிகளின் கதி அது. நவம்பர் தொடங்கி மார்ச்வரை ஏறக்குறைய ஐந்து மாதம் அவை உறங்க வேண்டும். அந்த உறக்கம் நாம் தூங்கும் தூக்கமில்லை. நிமிடத்துக்கு 190 முறை அளவில் துடிக்கும் இதயம் 20 அளவுக்கு இறங்கும். 35 டிகிரி உடல்வெப்பம் 10 டிகிரி அல்லது அதற்கும் கீழே போகும். உடம்பில் சேர்த்த கொழுப்பே ஐந்து மாதத்துக்கும் சோறு. ஆகவே குளிர் வருவதற்குள் ஒரு குட்டி குறைந்தது 450 கிராம் எடைக்கு வந்தாக வேண்டும் என்பது அங்கே காப்பாளர்களின் கணக்கு. 600 கிராம் வேண்டும் என்பவர்களும் உண்டு. அந்த எடைக்குக் குறைந்தால் உறங்கப்போனது எழுந்து வராது. நான் குட்டியை அடுக்களைத் தராசில் வைத்தேன். 58 கிராம்.

அந்த எண் என்னைப் பிடித்து ஆட்டியது. ஐப்பசி பாதி கழிந்துவிட்டது, கார்த்திகை பிறந்தால் பனி இறங்கும், 58 எங்கே 450 எங்கே என்று கணக்குப் போட்டேன். வேகவைத்த முட்டையை மசித்து இரண்டு மணிக்கு ஒருமுறை ஊட்டினேன். சாப்பிட மறுத்தபோது மூக்கருகே வைத்துத் தொல்லை கொடுத்தேன். இரவில் கண்விழித்து எடை பார்த்தேன். கழிந்தால் குறையும், தின்றால் ஏறும், அந்த 2 கிராம் ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் நோட்டுப் போட்டு எழுதினேன். மூன்றாம் நாள் அதற்குச் செரிக்காமல் வயிறு உப்பியபோதுதான் என் மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஏங்கண்ணு, இதுக்கு எதுக்கு இந்த அவசரம்?”

“பனிக்காலம் வருதுங்க அத்தை. அதுக்குள்ள தேறோணும்.”

“மழை பேஞ்சு காடெல்லாம் பூச்சி பொட்டு பொறப்பட்டுக் கெடக்குது. இப்பப் போயி அதுக்கென்ன பஞ்சம்? சித்திரையில குடுக்கறதா இருந்தா நானே எந்திரிச்சுக் குடுப்பேன்.”

அவர் முள்ளெலியைப் பற்றி எதையும் படித்தவரில்லை. ஆனால் அவர் சொன்ன ஒரு வரியில் என் தலைக்குள் இருந்த குளிர்காலம் முழுவதும் கவிழ்ந்துவிட்டது. லீட்ஸில் ஜனவரி இரவு பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். மண் இறுகும், மண்புழு ஆழத்துக்குப் போகும், வண்டு மறையும். அங்கே குளிர்காலம் என்றால் பட்டினிக்காலம். நமக்கோ மார்கழி தையில்கூட இரவு வெப்பம் 20 டிகிரிக்குச் சற்றுக் கீழேதான் போகிறது. கொங்கு நாட்டின் இந்த வறண்ட மேட்டுநிலத்துக்குப் பெரும்பங்கு மழையைத் தருவது ஐப்பசியும் கார்த்திகையும்தான். இலையுதிர்த்து மொட்டையாக நின்ற கிளுவை அப்போது தழைக்கும், கொறங்காட்டில், அதாவது உயிர்வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல் கணுக்கணுவாக எழும்பும், மாடு மேய்ந்து போட்ட சாணத்தில் வண்டு ஏறும், அந்திக்கு ஈசல் புறப்படும். இங்கிலாந்து முள்ளெலி எந்த மாதத்தில் பசியை நோக்கிப் போகிறதோ, அதே மாதத்தில் நம் முள்ளெலி விருந்தில் இருக்கிறது. இதற்குப் பஞ்சம் பங்குனி, சித்திரையில்.

எடைக் கணக்கும் அப்படியே கவிழ்ந்தது. அங்கே வளர்ந்த முள்ளெலி 1 கிலோவை ஒட்டி நிற்கும். மதராஸ் முள்ளெலி முழு வளர்ச்சி அடைந்தாலும் பெரும்பாலும் 300 கிராமைத் தாண்டாத சிறு விலங்கு. நான் 450 கிராமுக்கு வளர்க்க முயன்றது, ஒரு காங்கயம் காளைக் கன்றைப் பிடித்து யானை எடைக்குக் கொண்டுவரப் பார்த்ததைப் போன்றது. மகளிடம் சொன்னபோது வெகுநேரம் சிரித்தாள். பிறகு, “நான் கேட்டிருக்கோணும்மா, அது எந்த ஜாதி முள்ளெலின்னு” என்றாள். கேட்டிருக்க வேண்டியவள் நான்தான். கண்ணெதிரே வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்தேன்.

உணவு விஷயத்தையும் அத்தையே கையில் எடுத்துக்கொண்டார். கோழிக்குஞ்சுகளுக்குக் கறையான் பிடிக்கும் பழைய முறை ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. வாயகன்ற பழைய மண்பானைக்குள் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, சோளத்தட்டுத் துண்டு ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றுக்கு அருகில் பொழுதோடு கவிழ்த்து வைத்துவிட வேண்டும். மறுநாள் வெடியாலே பானையை நிமிர்த்தினால் உள்ளே கறையான் மொய்த்திருக்கும். வெயில் ஏறிவிட்டால் அவை மண்ணுக்குள் திரும்பிவிடும். அதனால் விடிந்தும் விடியாமலும் எடுத்துவிட வேண்டும். அந்தப் பானையை வட்டலில் தட்டி, பத்துப் பதினைந்து கறையான்களைக் குட்டிக்கு முன்னால் வைத்தார். அதுவரை நான் கெஞ்சிக் கெஞ்சி முட்டை ஊட்டிய அதே குட்டி, மூக்கை ஒருமுறை உயர்த்தியது. கழுத்து முட்களை நெற்றிக்கு இழுத்துக்கொண்டு முன்னேறியது. அடுத்த நிமிடம் வட்டலில் எதுவும் இல்லை. வாயை மூடாமல் சப்புக்கொட்டிச் சத்தமாகத் தின்னும் அந்த ஒலி அடுக்களைவரை கேட்டது. கறையானுக்குப் பிறகு சாணிக்கு அடியில் கிடைக்கும் வெண்புழு, சிறிய கருவண்டு, நத்தை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தோம். ஒரே வகைப் புழுவையே தினமும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு வளைந்துவிடும் என்று மகள் எச்சரித்திருந்தாள். தண்ணீருக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலின் மூடி போதுமானதாக இருந்தது.

பெட்டிக்குள் விரிப்பாக நான் போட்டது பனியன் வேஸ்ட். திருப்பூரைச் சுற்றியுள்ள வீடுகளில் அது இல்லாத வீடு கிடையாது; வண்டி துடைக்க, தரை துடைக்க, தலையணை அடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். மெத்தென்று இருக்கிறது, சூட்டைப் பிடிக்கும் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் குட்டி வலது பின்காலைத் தரையில் ஊன்றாமல் இழுத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, வெள்ளை நூல் ஒன்று கணுக்காலில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி இறுகி, பாதம் கருநீலமாக வீங்கியிருந்தது. நகவெட்டியின் நுனியால் நூலை அறுத்து எடுக்க அரைமணி நேரமாயிற்று. கை நடுக்கத்தில் இரண்டு முறை நிறுத்திவிட்டேன். இன்னும் ஒரு நாள் கவனிக்காமல் இருந்திருந்தால் கால் போயிருக்கும். நூல் பிரியும் எந்தத் துணியையும் சிறு விலங்குகளின் பெட்டியில் போடாதீர்கள். செய்தித்தாளைக் கிழித்துப் போட்டு, அதன்மேல் வேலியோரத்துக் காய்ந்த சருகை நிரப்பினேன். அன்றிரவே சருகுக்குள் புகுந்து, சுற்றிச் சுற்றித் தனக்கென ஒரு குழியை அமைத்துக்கொண்டது.

இன்னொரு நாள் உண்மையிலேயே பயந்துவிட்டேன். பெட்டியைக் கழுவும்போது அதைத் திண்ணையில் விட்டிருந்தேன். மாமனாரின் தோல் செருப்பின் வார் கிடைத்தது. அதை மென்றது, மென்றது, வாயெல்லாம் வெள்ளை நுரை. பிறகு கழுத்தை ஒடிந்துபோவதுபோல முதுகுப் பக்கம் திருப்பி, நாக்கை நீட்டி, அந்த நுரையை எடுத்து எடுத்து முட்களில் பூசியது. ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். நிலை தடுமாறி விழுந்து, எழுந்து, மீண்டும் பூசியது. நுரையைக் கண்டதும் வெறிநோய் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் உலகத்து முள்ளெலிகள் எல்லாமே புதிய, காரமான வாசனை எதையேனும் சந்தித்தால் இப்படிச் செய்யும் என்று பிறகு அறிந்தேன். ஏன் செய்கின்றன என்பதற்கு விளக்கங்கள் பல உண்டு. அத்தையின் விளக்கம் இது: “சந்தனம் பூசிக்குதாட்டம் இருக்குது.”

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முள்ளெலி காட்டுயிர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வீட்டில் வைத்து வளர்க்க நமக்கு உரிமை கிடையாது. கையில் வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். இரண்டாம் நாள் தொலைபேசியில் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் முதலில் முள்ளம்பன்றி என்று எண்ணி, மரவள்ளிக் கிழங்குக்குச் சேதம் எவ்வளவு என்று விசாரித்தார். 58 கிராம் என்றதும் கிழங்கின் எடை என்று எடுத்துக்கொண்டார். விஷயம் புரிந்த பிறகு நன்றாகவே ஒத்துழைத்தார். ஒரு வனக்காவலர் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார். கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். காலில் ரத்த ஓட்டம் திரும்பிவிட்டது என்றார். தானாகப் பூச்சி பிடித்துத் தின்னும் நிலை வந்ததும், எடுத்த இடத்துக்கு அருகிலேயே விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

காவலர் வந்துபோன செய்தி பரவியதும், பக்கத்துச் சாளையிலிருந்து ஒரு பாட்டி கையில் தூக்குப்போசியோடு வந்தார். பேரனுக்குக் கக்குவான் இருமலாம். “ரெண்டே ரெண்டு முள்ளு குடு சாமி, சுட்டுத் தேன்ல கொழைச்சுக் குடுத்தாப் போதும்” என்றார். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இந்த நம்பிக்கைக்காகவே முள்ளெலிகளைக் கொன்றிருக்கிறார்கள்; தோலோடு உலர்த்தி வைத்திருந்து, கேட்டவர்களுக்கு முள் பிடுங்கிக் கொடுக்கும் வீடுகள் உண்டு. அந்த முள் நம் நகமும் தலைமுடியும் ஆன அதே பொருளால் ஆனது. குழந்தைக்கு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடும் தடுப்பூசியில் கக்குவானுக்கும் சேர்ந்தே காப்பு இருக்கிறது. ஆனால் வாசலில் நிற்கும் பாட்டியிடம் இதையெல்லாம் சொல்லி என்ன பயன்? குழந்தையை அன்று மாலையே காரில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். வெறும் சளிதான். தடுப்பூசி அட்டையில் ஒரு தவணை விட்டுப்போயிருந்தது; அங்கேயே போட்டார்கள்.

பதின்மூன்றாம் நாள் குட்டி 96 கிராம் இருந்தது. கையை நீட்டினால் சீறியது, முழுதாகச் சுருண்டது. அந்தச் சீறலுக்காகத்தான் நான் காத்திருந்தேன். பெயர் வைக்க வேண்டாம் என்று மகள் சொல்லியிருந்தாள். மடியில் வைத்துக் கொஞ்சாமல் இருந்ததற்கும் அதுவே காரணம். மனித வாடைக்கு அஞ்சாத முள்ளெலி தெருநாய்க்கும் அஞ்சாது, சாலைக்கும் அஞ்சாது. ஆபத்து வந்தால் ஓடாமல் அந்த இடத்திலேயே சுருண்டு கொள்வது அதன் பிறவிப் பழக்கம். நரிக்கு எதிராக அது போதும், லாரிச் சக்கரத்துக்கு எதிராகப் போதாது. நான்குவழிச் சாலைகளில் விடியற்காலையில் பேருந்தில் போகிறவர்கள் தாரோடு தாராக ஒட்டிய முள் தோலைப் பார்த்திருப்பார்கள்.

எங்கே விடுவது என்பதுதான் கடினமாக இருந்தது. எடுத்த இடத்தில் வேலியே இல்லை. எங்கள் தோட்டத்தின் தெற்கில் இன்னும் ஓர் இட்டேரி பிழைத்திருக்கிறது. வெளியூர் வாசகர்களுக்காக: இருபுறமும் உயிர்வேலி அடைத்த, ஒரு வண்டி போகும் அகலமுள்ள பாதைக்குத்தான் கொங்கில் இட்டேரி என்று பெயர். கிளுவை, கள்ளி, சங்கஞ்செடி, பிரண்டை, கோவைக்கொடி எல்லாம் பின்னிக் கிடக்கும் அதன் அடியில் முழங்கை ஆழத்துக்குச் சருகு இருக்கும். அணில், ஓணான், கீரி, கௌதாரி ஆகியவற்றுக்கு அதுதான் தெரு. அதை அடுத்து நாற்பது ஏக்கர் கொறங்காடு. வெள்வேல மரங்களுக்கு அடியில் காங்கயம் மாடுகள் மேய்கின்றன. முள்ளெலிக்கு வேண்டிய வீடும் சாப்பாட்டுக் கடையும் பக்கம் பக்கத்தில் அமைந்த இடம் அது. 2025இல் தமிழ்நாடு அரசு அதிகம் பேசப்படாத நான்கு உயிரினங்களின் பாதுகாப்புக்கென 1 கோடி ரூபாய் ஒதுக்கியபோது, சிங்கவால் குரங்கு, கழுதைப்புலி, ஒரு வகை ஆற்று மீன் ஆகியவற்றோடு மதராஸ் முள்ளெலியையும் சேர்த்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது மகிழ்ந்தேன். ஆனால் பட்டா நிலத்து வேலி எந்தக் காப்புக்காட்டிலும் அடங்காது. அது நிலத்துக்காரரின் மனம் ஒன்றிலேயே நிற்கிறது.

கார்த்திகை முதல் வாரத்தில், மழை இல்லாத ஓர் அந்தியில், பெட்டியை இட்டேரிக்குள் வைத்துப் பக்கவாட்டில் திறந்துவிட்டோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அத்தை வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பிறகு மூக்கு மட்டும் வெளியே வந்தது, அடுத்து வகிடு எடுத்த தலை. பெட்டியின் விளிம்பில் நின்று காற்றை இழுத்தது. நான் எதிர்பார்த்ததைவிடக் கால்கள் நீளம். வயிறு தரையில் படாமல் உயர்ந்து, விறுவிறுவென்று, திரும்பியே பார்க்காமல் சருகுக்குள் போயிற்று. சருகு சலசலத்த சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பத்து நாளுக்கு அதே இடத்தில் தண்ணீர் மூடியும் கவிழ்த்த பானையும் வைத்தோம். தண்ணீர் குறைந்தது. குடித்தது அதுதானா, கீரியா என்பதை யார் அறிவார்கள்?

கொழுந்தனாரின் சுவர் மார்கழியில் எழும்பத் தொடங்கியது. மகள் தொலைபேசியில், லீட்ஸில் வீட்டுக்கு வீடு பலகை வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஓட்டை போட்டுவிடுகிறார்கள், முள்ளெலி தோட்டத்துக்குத் தோட்டம் போய்வர அது போதும் என்று சொல்லியிருந்தாள். அவர்கள் ஊரிலும் முள்ளெலி குறைந்துகொண்டே வருகிறது. 2020இல் பிரிட்டனின் அருகிவரும் பாலூட்டிகளின் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. நான் கொழுந்தனாரிடம் போய்ச் சுவரில் ஓட்டை கேட்டேன்.

“ஏனுங்க நங்கை, வாங்கறவங்க பாம்பு வரும்னு சொல்லுவாங்களே?”

“கேட்டுக்கு அடியில இருக்கற சந்துல பாம்பு வராதாக்கும்?”

அவர் பதில் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. கொத்தனார்தான் வழி சொன்னார். போர்வெல் போட்டபோது மிஞ்சிய ஆறு அங்குல பிவிசி குழாய் எங்கள் மோட்டார் ரூமுக்குப் பின்னால் கிடந்தது. அதில் சுவரின் கனத்துக்கு மூன்று துண்டு அறுத்து, அடிவரிசை ஹாலோ பிளாக்குக்கு நடுவே தரைமட்டத்தில் பதித்து, சுற்றிலும் சிமெண்டு பூசிவிட்டார். கேட்கிறவர்களிடம் மழைத்தண்ணீர் போகும் வழி என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது கொழுந்தனாரின் ஏற்பாடு.

தைப் பொங்கலுக்கு மறுநாள், மாட்டுக்குக் கொம்பு வர்ணம் அடித்துவிட்டு அந்தப் பக்கம் நடந்த அத்தை என்னைக் கூப்பிட்டார். இரண்டாவது குழாயின் வாயில் சுண்டுவிரல் கனத்தில் கருப்பாக ஒரு கழிவுத்துண்டு காய்ந்து கிடந்தது. அத்தை வேப்பங்குச்சியால் அதைப் பிரித்துக் காட்டினார். உள்ளே முழுக்க முழுக்கச் சாணிவண்டின் ஓடு, வெயிலில் மினுமினுவென்று.